தலைய திருப்பினா கன் திரும்பும், குண்டும் அங்கயே போகுமா? ஹெல்மெட் டிஸ்ப்ளே பத்தி கேள்வி பதில்

வணக்கம் மக்களே. அப்பாச்சி ஹெலிகாப்டர்ல பைலட் தலைய திருப்ப திருப்ப கீழ தொங்குற கன்னும் நாய்க்குட்டி மாதிரி கூடவே திரும்புற வீடியோ ஒன்னு சுத்திக்கிட்டு இருக்கு, அத பாத்துட்டு ஆளாளுக்கு கேள்வி அனுப்பியிருக்கீங்க. பைலட் போட்டிருக்குற ஹெல்மெட் தலை எங்க பாக்குதுன்னு சொல்லும், கண்ணுக்கு முன்னாடி குறியும் படமும் காட்டும், அத தான் ஹெல்மெட் டிஸ்ப்ளேன்னு சொல்றது. ஒன்னொன்னா வர்றேன். முதல்லயே சொல்லிடறேன், நான் பைலட் கிடையாது. ஏர்ஃபோர்ஸ்ல ஆர்மமென்ட் ட்ரேடு, ஃபைட்டர் விமானத்துல கன்ன கழட்டறது, தொடைக்கிறது, மாட்டறது, குறி சரி பண்றது, இதுலயே தலை நரைச்சாச்சு. ஹெலிகாப்டர் கன் விஷயம் மட்டும் படிச்சதும் கூட வேலை பாத்தவங்ககிட்ட கேட்டு தெரிஞ்சுகிட்டதும். பறக்கற கதை என்கிட்ட கம்மி, கன் கதை ஜாஸ்தி, அதுக்கு தயாரா படிங்க.

கேள்வி: அண்ணே, தலை எந்தப் பக்கம் திரும்புதுன்னு ஹெலிகாப்டருக்கு எப்படி தெரியுது? ஹெல்மெட்ல இருந்து கம்பி போகுதா?

பதில்: ஆரம்பத்துல நெஜமாவே கம்பி தான் தம்பி. வியட்நாம் காலத்து கோப்ரா ஹெலிகாப்டர் வம்சத்துல ஹெல்மெட்டுக்கு மேல ஒரு இரும்புக் கை இருக்கும், அது கேபின் கூரைல இருக்குற தண்டவாளத்துல ஓடும், தலை திரும்பினா கை திரும்பும், கை எவ்வளவு கோணம் திரும்புச்சுன்னு அளந்து கன்னுக்கு சொல்லும். சுத்தமான மெக்கானிக்கல் வேலை. கேக்க சிரிப்பா இருக்கும், ஆனா அது வேலை செஞ்சுச்சு. தலைல ஒரு மேஜை விளக்கு கைய மாட்டிக்கிட்டு சண்டைக்கு போற மாதிரி கற்பனை பண்ணிக்கோங்க.

அப்பாச்சில அத தூக்கிட்டு ஒளி வெச்சாங்க. சீட்டுக்கு பின்னாடி இருக்குற பெட்டிங்க அகச்சிவப்பு கதிர விசிறி மாதிரி வீசும், ஹெல்மெட்ல அத உணர்ற கண்ணுங்க இருக்கும், எந்தக் கண்ணுல எப்போ பட்டுச்சுங்கற நேர வித்தியாசத்த வெச்சு தலை எந்தக் கோணத்துல இருக்குன்னு கணக்கு போட்டுடும். ஃபைட்டர் விமானத்துல பெரும்பாலும் காந்தம். சீட் பக்கத்துல ஒரு சுருள் காந்தப்புலத்த உண்டாக்கும், ஹெல்மெட்டுக்குள்ள இருக்குற சின்ன சுருள் அத உணரும். அதுல தொல்லை என்னன்னா காக்பிட்ல இருக்குற இரும்பு எல்லாம் காந்தப்புலத்த வளைச்சுடும், அதனால காக்பிட்டுக்குள்ள எந்த எடத்துல எவ்வளவு வளையுதுன்னு முன்னாடியே அளந்து கம்ப்யூட்டருக்குள்ள போட்டு வெச்சிருப்பாங்க. யூரோஃபைட்டர் ஹெல்மெட்ட பாத்தீங்கன்னா மேல கொப்புளம் கொப்புளமா இருக்கும், அதெல்லாம் எல்இடி, காக்பிட்ல இருக்குற கேமரா அத பாத்துக்கிட்டே இருக்கும்.

கேள்வி: அப்போ பைலட் ஒரு லாரிய பாத்துட்டு ட்ரிக்கர அமுக்கினா குண்டு அந்த லாரி மேல போய் விழுந்துடும், அவ்வளவு தானே?

பதில்: இல்லவே இல்ல. இந்த ஒரு கேள்விக்கு தான் நான் இன்னிக்கு உக்காந்ததே, அதனால கொஞ்சம் நீளமா போகும்.

அப்பாச்சி கன் 30 மில்லிமீட்டர் (குழாயோட உள் அகலம்), எம்230ன்னு பேர், நிமிஷத்துக்கு சுமார் 625 ரவுண்டு, அதாவது 625 குண்டு. குண்டு குழாய விட்டு கிளம்பறப்போ வேகம் செகண்டுக்கு 805 மீட்டர். ஆனா காத்து அத பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கும், அதனால 1000 மீட்டர் போய் சேர சுமார் 2 செகண்டு ஆயிடும். 2 செகண்டுன்னா என்ன பெருசுன்னு நினைப்பீங்க. கணக்கு போடுங்க. புவி ஈர்ப்புல 2 செகண்டுல ஒரு பொருள் கிட்டத்தட்ட 20 மீட்டர் விழும். ஆறு மாடி கட்டடம் உயரம்! அதாவது கன் குழாய் நேரா லாரிய பாத்துக்கிட்டு இருந்தா குண்டு லாரிக்கு ரொம்ப முன்னாடியே மண்ணுல குத்திடும். அதனால நீங்க பாக்குற கோட்டுக்கு மேல கன் குழாய தூக்கணும்.

லாரி ஓடிக்கிட்டு இருந்தா? 36 கிலோமீட்டர் வேகம்னு வெச்சுக்கோங்க, நம்ம ஊர் டவுன் பஸ் வேகம், செகண்டுக்கு 10 மீட்டர். 2 செகண்டுல 20 மீட்டர் தாண்டி போயிருப்பான். அதனால அவனுக்கு முன்னாடி சுடணும்.

அப்புறம் ஹெலிகாப்டரே ஓடிக்கிட்டு இருக்கே, அத எல்லாரும் மறந்துடறாங்க. 100 நாட் (மணிக்கு சுமார் 185 கிலோமீட்டர்) வேகத்துல நேரா போயிக்கிட்டே பக்கவாட்டுல சுட்டா, குண்டு கிளம்பறப்போவே செகண்டுக்கு 51 மீட்டர் முன்னோக்கி தள்ளு வாங்கிக்கிட்டு தான் கிளம்புது. ஓடுற பஸ் ஜன்னல்ல இருந்து பொட்டலத்த நேரா பக்கத்துல இருக்குற கடை வாசலுக்கு எறிஞ்சா அது அடுத்த கடைல போய் விழும்ல, அதே தான். அதனால பின்னாடி தள்ளி குறி வைக்கணும்.

இன்னொன்னு இருக்கு, இது நெறைய பேருக்கு தெரியாது, எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். குண்டு பம்பரம் மாதிரி சுழன்டுக்கிட்டு போகுது. பம்பரத்த பக்கத்துல இருந்து தட்டினா அது தட்டின பக்கம் சாயாம வேற பக்கம் சாயும், கவனிச்சிருப்பீங்க. ஹெலிகாப்டர் முன்னாடி போறதால பக்கவாட்டுல கிளம்புற குண்டுக்கு குழாய விட்டு வந்த உடனே சைடுல இருந்து காத்து அடிக்கும், அப்போ அது மேலயோ கீழயோ ஒரு துள்ளு துள்ளும். வலது புரியா சுழலுற குண்டுன்னா, வலது பக்கம் சுட்டா கீழ துள்ளும், இடது பக்கம் சுட்டா மேல துள்ளும். ஒரே ஹெலிகாப்டர், ஒரே கன், ஒரே தூரம், பக்கம் மாறினா உயரம் மாறுது.

இதெல்லாத்தையும் கம்ப்யூட்டர் தான் கூட்டி கழிச்சு கன்ன திருப்புது. பைலட் லாரிய பாக்குறான், கன் வேற எங்கயோ பாக்குது, குண்டு ரெண்டுக்கும் நடுவுல ஒரு வளைஞ்ச பாதைல போகுது. வீடியோவுல தலையும் கன்னும் ஒன்னா ஆடுறது ஹெலிகாப்டர் தரைல நிக்கிறப்போ எடுத்தது, பறந்துக்கிட்டே தூரத்துல இருக்குறத சுடறப்போ உத்துப் பாத்தா ரெண்டும் ஒரே பக்கம் இருக்காது.

கேள்வி: சார், நான் ஈசிஇ மூணாவது வருஷம். எல்லா கணக்குக்கும் தூரம் தெரியணுமே, ஹெல்மெட்ட வெச்சு பாக்குறப்போ தூரம் எங்க இருந்து வருது? லேசரா?

பதில்: சரியா பிடிச்சீங்க. லேசர் இருக்கு, ஆனா அது ஹெலிகாப்டர் மூக்குல இருக்குற பெரிய கேமரா உருண்டைக்குள்ள இருக்கு, முன் சீட்ல இருக்குற கன்னர் அத வெச்சு பாத்தா துல்லியமா தூரம் கிடைக்கும். ஹெல்மெட்ல லேசர் கிடையாது. தலையால குறி வைக்கறப்போ ரெண்டு வழி. ஒன்னு, தூரத்த கையால அடிச்சு வெச்சுக்கறது, "இன்னிக்கு ஒரு கிலோமீட்டர் ஒன்றரை கிலோமீட்டர்ல தான் வேலை"ன்னு. ரெண்டாவது, ஆட்டோ. ஹெலிகாப்டர் தரைல இருந்து எவ்வளவு உயரம்னு ரேடார் ஆல்டிமீட்டர் சொல்லும், பைலட் எவ்வளவு கோணம் கீழ பாக்குறான்னு ஹெல்மெட் சொல்லும், பத்தாங்கிளாஸ் முக்கோணவியல் போட்டா தூரம் வந்துடும்.

இப்போ ஓட்டைய பாருங்க. உயரம் 100 மீட்டர், பைலட் 5.7 டிகிரி கீழ பாக்குறான், தூரம் 1000 மீட்டர். தலை ஒரே ஒரு டிகிரி மேல தப்பா இருந்தா, 4.7 டிகிரி, தூரம் 1200 தாண்டிடும். ஒரு டிகிரி கீழ தப்பா இருந்தா 850. ஒரு டிகிரிக்கு இந்த அடி. அதுவும் தரை சமமா இருந்தா தான் இந்தக் கணக்கே, லாரி மேட்டு மேல நின்னா மொத்தமும் காலி. அதனால ஹெல்மெட்டால சுடறது கிட்டத்துல, திடீர்னு ஒருத்தன் முளைச்சா டக்குனு திரும்பி சுடறதுக்கு. நிதானமா தூரத்துல இருக்குறத அடிக்கணும்னா கேமரா, லேசர். ரெண்டும் வேற வேற வேலை, ஒன்ன வெச்சு இன்னொன்ன செய்யக்கூடாது.

கேள்வி: ஒரு கண்ணுக்கு முன்னாடி மட்டும் கண்ணாடி இருக்கே, தலை சுத்தாதா?

பதில்: சுத்தும். வலது கண்ணுக்கு முன்னாடி தான் அந்த சின்ன கண்ணாடித் துண்டு இருக்கும். ராத்திரில வலது கண்ணு மூக்குல இருக்குற இன்ஃப்ராரெட் கேமரா படத்த பாக்கும், இடது கண்ணு வெளில இருட்டையும் உள்ள இருக்குற வெளிச்சத்தையும் பாக்கும். மூளைக்கு எத எடுத்துக்கறதுன்னு தெரியாம ரெண்டும் மாறி மாறி சண்டை போடும். புதுசா கத்துக்கறவங்களுக்கு தலைவலி சகஜம். அதுலயும் இன்னொரு கூத்து, அந்த கேமரா இருக்குறது பின் சீட்ல இருக்குற பைலட்டுக்கு சில மீட்டர் முன்னாடி, கீழ. அதாவது வலது கண்ண பிடுங்கி ஹெலிகாப்டர் மூக்குல மாட்டின மாதிரி. மரத்துக்கு பக்கத்துல மெதுவா இறங்கறப்போ மரம் தாண்டிடுச்சுன்னு கண்ணு சொல்லும், ஆனா உடம்பு இன்னும் தாண்டியிருக்காது.

கேள்வி: ரெண்டு பேரும் ஹெல்மெட் போட்டிருக்காங்களே, ஒருத்தர் இடது பக்கம் ஒருத்தர் வலது பக்கம் பாத்தா கன் யார் பேச்ச கேக்கும்? (எங்க வீட்ல டிவி ரிமோட் மாதிரி இருக்கே)

பதில்: யார் கன்ன தேர்ந்தெடுத்து சுவிட்ச அமுக்கினாங்களோ அவங்க பேச்ச. ரிமோட் கையில இருக்குறவன் தான் ராஜா. மத்தவர் எங்க பாத்தாலும் கன் கண்டுக்காது.

கேள்வி: பைலட் மேல அண்ணாந்து பாத்தா கன் மேல திரும்பி சொந்த ரோட்டரையே சுட்டுடாதா?

பதில்: சுடாது, திரும்பறதுக்கு எல்லை இருக்கு. அப்பாச்சில பக்கவாட்டுல ரெண்டு பக்கமும் சுமார் 86 டிகிரி, மேல ஒரு 11 டிகிரி, கீழ 60 டிகிரி. தலை அதுக்கு மேல திரும்பினா கன் எல்லைல நின்னுடும், கண்ணாடில எழுத்து வரும், ட்ரிக்கர் வேலை செய்யாது. இன்னொரு தகவல் சும்மா கேட்டுக்கோங்க, அந்த கன் ரெண்டு சீட்டுக்கும் நடுவுல உள்ள எடத்துக்கு நேர் கீழ இருக்கும், ஹெலிகாப்டர் தரைல மோதினா அது மடங்கி ரெண்டு பேருக்கும் நடுவுல மேல ஏறணும், யார் மேலயும் குத்தக்கூடாதுன்னு யோசிச்சு வெச்சிருக்காங்க. யோசிச்ச ஆளுக்கு ஒரு சல்யூட்.

கேள்வி: நான் சூலூர் பக்கம். தேஜஸ் தெனமும் வீட்டு மேல தான் போகுது. அதுல பைலட் ஹெல்மெட்டும் இஸ்ரேல் ஹெல்மெட்னு சொல்றாங்க. அப்போ தேஜஸ்லயும் தலைய திருப்பி கன் சுடலாமா?

பதில்: குடுத்து வெச்சவருங்க நீங்க, சத்தத்துக்கு காது அடைச்சுப் போனாலும். ஹெல்மெட் இருக்கு, எல்பிட் கம்பெனியோட டேஷ். ஆனா கன்ன தலையால சுட முடியாது. தேஜஸ்ல இருக்குற 23 மில்லிமீட்டர் இரட்டைக் குழல் கன்னு வயித்துல போல்ட் போட்டு இறுக்கியிருக்கு. சுகோய்ல 30 மில்லிமீட்டர், 150 ரவுண்டு, அதுவும் இறுக்கினது தான். ரஃபேல்ல 125 ரவுண்டு, நிமிஷத்துக்கு 2500 வேகம், விடாம அமுக்கினா மூணே செகண்டுல தீந்துடும். ஃபைட்டர்ல கன்ன திருப்பணும்னா விமானத்தையே திருப்பணும். ஹெல்மெட் "அங்க ஒருத்தன் இருக்கான்"னு காட்டும், ரேடார அவன் பக்கம் திருப்பும், ஆனா மூக்க பைலட் தான் கொண்டு போய் வைக்கணும்.

ஏன் கடைசி குறி இன்னும் ஹட்ல, அதாவது பைலட்டுக்கு முன்னாடி குறியும் எண்ணும் தெரியற கண்ணாடில தான் வைக்கறாங்கன்னா, அதுக்கு என் தொழில்ல பதில் இருக்கு. நாங்க மில்னு ஒரு அளவு சொல்லுவோம், 1 மில்னா 1000 மீட்டர்ல 1 மீட்டர் தப்பு. ஹட் விமானத்து உடம்போட சேத்து இறுக்கினது, அது கிட்டத்தட்ட 1 மில்லுக்குள்ள நிக்கும். ஹெல்மெட் தலைல உக்காந்திருக்கு, வேர்வைல வழுக்குது, ஜி விழுந்தா (விமானம் வெடுக்குனு திரும்பறப்போ எடை பல மடங்கு கூடறது) கீழ இறங்குது, தலைய அளக்குற ட்ராக்கர் தப்பு சேருது, காக்பிட்ட மூடியிருக்குற கேனபி கண்ணாடி ஒளிய வளைக்குது, எல்லாம் சேந்தா சில மில் போயிடும். பின்னாடி இருந்து பாத்தா எதிரி விமானத்து உடம்பு அகலம் ஒரு ரெண்டு மீட்டர் தான், 600 மீட்டர்ல அது 3 மில். தப்பே 4 மில்னா எதுக்கு சுடணும்? ஏவுகணைக்கு இந்த தப்பு ஒரு பொருட்டே இல்ல, அதுக்கு தனியா கண்ணு இருக்கு, கிளம்பின பிறகும் அதுவே தேடிக்கும். குண்டுக்கு கண்ணு கிடையாது.

இதுல என் கதை ஒன்னு. கன்னையும் ஹட்டையும் ஒத்துப்போக வைக்கறத ஹார்மனைசேஷன்னு சொல்லுவோம். விமானத்த ஜாக்ல ஏத்தி லெவல் பண்ணி, எதிர்ல ஒரு போர்டு வெச்சு, கன் குழாய்க்குள்ள ஒரு ஸ்கோப்ப விட்டு போர்டுல இருக்குற கன் புள்ளிய பிடிக்கணும், அப்புறம் ஹட்ட போர்டுல இருக்குற ஹட் புள்ளில பிடிக்கணும். ஒரு நாள் காலைல கன்ன முடிச்சுட்டு டீ குடிக்க போனோம். வந்து ஹட்ட பிடிச்சோம், எல்லாம் சுபம், பேப்பர்ல கையெழுத்தும் போட்டாச்சு. எங்க சார்ஜென்ட் வந்து திரும்பவும் கன் ஸ்கோப்ப பாக்க சொன்னாரு, பாத்தா புள்ளி நகந்து போயிருக்கு. டீ குடிச்ச நேரத்துல ஒரு ஜாக் ரெண்டு மில்லிமீட்டர் உக்காந்துடுச்சு. ஜாக்குக்கு ஜாக் நாலு மீட்டர்னா அரை மில். 1000 மீட்டர்ல அரை மீட்டர். ரெண்டு மில்லிமீட்டருக்கு! அன்னிக்கு வாங்கின திட்டு இன்னும் காதுல இருக்கு. அதுக்கப்புறம் கன்னுக்கும் ஹட்டுக்கும் நடுவுல டீ கிடையாது.

கேள்வி: அப்போ ஃபைட்டர்ல ஹெல்மெட் தண்டமா?

பதில்: ஐயோ அப்படி சொல்லிடாதீங்க, ஏவுகணைக்கு அது தான் உயிர். அமெரிக்கன் நேவி 1970கள் ஆரம்பத்துலயே ஃபேன்டம் விமானத்துல ஹெல்மெட் சைட் (ஹெல்மெட்ல மாட்டின குறி) வெச்சு பாத்தாங்க, அப்புறம் கைய விட்டுட்டாங்க. தென்னாப்பிரிக்கா மிராஜ் எஃப்1ல வெச்சாங்க. அத பாத்து ரஷ்யாக்காரன் உஷாராகி மிக்-29, சுகோய்-27 ரெண்டுலயும் ஹெல்மெட் சைட்டும் ஆர்-73 ஏவுகணையும் சேத்து வெச்சான். அந்த ஹெல்மெட்ல படம் கிடம் எதுவும் வராது, வலது கண்ணுக்கு முன்னாடி ஒரு சின்ன வளையம் தெரியும், அவ்வளவு தான். ஆனா மூக்குக்கு நேரா இல்லாம 45 டிகிரி தள்ளி இருக்குறவனையும் பாத்து பூட்டி ஏவுகணைய விடலாம். 1990ல ஜெர்மனி ஒன்னா சேந்தப்போ கிழக்கு ஜெர்மனி மிக்-29 எல்லாம் நேட்டோ கையில வந்துச்சு, கிட்டத்துல சண்டை பழகி பாத்தப்போ தான் மேற்கு நாட்டு பைலட்டுங்களுக்கு உறைச்சுது. அதுக்கப்புறம் தான் அமெரிக்கா ஓடி ஓடி எய்ம்-9எக்ஸ் ஏவுகணையும் ஜெஎச்எம்சிஎஸ் ஹெல்மெட்டும் கொண்டாந்துச்சு. நம்மகிட்ட மிக்-29 1987லயே வந்தாச்சு, இந்த விஷயத்துல நாம ரொம்ப பேருக்கு சீனியர்.

கேள்வி: எஃப்-35ல ஹட்டே இல்லயாமே, அப்போ கன்ன ஹெல்மெட்ட வெச்சு தானே சுடணும்? நீங்க சொன்னது தப்பாகுதே.

பதில்: மாட்டிக்கிட்டேன்னு நினைச்சீங்களா, இது நல்ல கேள்வி. ஆமா, எஃப்-35ல ஹட் கிடையாது, ஹட் காட்டற எல்லாத்தையும் ஹெல்மெட்லயே காட்டும், கன் குறியும் அதுல தான். ஆனா கன் இறுக்கினது தான், 25 மில்லிமீட்டர், ஏ மாடல்ல 180 சொச்சம் ரவுண்டு. அதுக்காக அந்த ஹெல்மெட்டுக்கு பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்ல. படம் நடுங்குது, தலை திரும்பி கொஞ்சம் கழிச்சு தான் படம் திரும்புது, ராத்திரில மங்கலா இருக்குன்னு மூணு பெரிய சிக்கல், ஒரு கட்டத்துல பிஏஇ கம்பெனிகிட்ட மாத்து ஹெல்மெட்டே செய்ய சொல்லி ஆர்டர் போட்டு, பிறகு 2013ல நிறுத்தினாங்க. கப்பல்ல ராத்திரி இறங்கறப்போ திரையோட பச்சை ஒளிர்வே கண்ண மறைக்குதுன்னு வேற. ஒரு ஹெல்மெட் சுமார் 4 லட்சம் டாலர். அதுலயும் ஏ மாடல் கன் தரைல இருக்குறத சுடறப்போ குண்டு தூரமாவும் வலப்பக்கமாவும் போகுதுன்னு அமெரிக்க பாதுகாப்புத்துறை டெஸ்ட் ரிப்போர்ட்டே சொல்லுச்சு, காரணம் கேட்டா கன் மாட்டுற எடத்துலயே கோணல். அத படிச்சப்போ எனக்கு அந்த ஜாக் ஞாபகம் தான் வந்துச்சு. 4 லட்சம் டாலர் ஹெல்மெட் போட்டாலும் கன்ன கோணலா மாட்டினா கோணலா தான் சுடும்.

கேள்வி: ரெண்டாம் உலகப்போர்ல கம்ப்யூட்டரே இல்லயே, எப்படி சுட்டாங்க?

பதில்: நெறைய சுட்டு, கொஞ்சம் பட்டுச்சு. அப்புறம் 1943, 44 வாக்குல பிரிட்டிஷ்காரன் ஜைரோ சைட், அதாவது உள்ள பம்பரம் மாதிரி ஒரு ஜைரோ சுத்தற குறிக்கருவி கொண்டாந்தான், அமெரிக்கன் அதயே கே-14ன்னு மஸ்டாங் விமானத்துல போட்டான். எதிரி விமானத்து இறக்கை நீளத்த ஒரு டயல்ல வெச்சுட்டு, த்ராட்டில் கைப்பிடிய ஆக்ஸிலரேட்டர் மாதிரி முறுக்கினா கண்ணாடில ஒரு புள்ளி வளையம் சுருங்கும் விரியும், எதிரி இறக்கை அதுக்குள்ள கச்சிதமா உக்காந்தா தூரம் கிடைச்சுடும். விமானம் எவ்வளவு வேகமா திரும்புதுன்னு உள்ள ஓடுற ஜைரோ அளந்து எவ்வளவு முன்னாடி சுடணும்னு புள்ளிய தள்ளி வெச்சுடும். அழகான மெஷின். பைலட் ஒரு கையால முறுக்கிக்கிட்டே இன்னொரு கையால ஓட்டணும், அது தான் கஷ்டம்.

குண்டு வீச்சு விமானத்துல ஜன்னல் பக்கம் நிக்குற கன்னருக்கு இன்னும் தலைகீழ் பாடம். தன் மேல பாய்ஞ்சு வர்ற எதிரிக்கு முன்னாடி சுடணும்னு மனசு சொல்லும், ஆனா சொந்த விமான வேகத்தால குண்டு முன்னாடி தள்ளிக்கிட்டு போறதால எதிரிக்கும் தன் வாலுக்கும் நடுவுல சுடணும். சின்ன வயசு பசங்க, இத மண்டைல ஏத்தி அனுப்பினாங்க. இன்னிக்கு அப்பாச்சி கம்ப்யூட்டர் செய்யறதும் அதே பாடம் தான்.

கேள்வி: பிரசண்ட் ஹெலிகாப்டர்லயும் இதே மாதிரி தானா? அப்பாச்சிய விட பெட்டரா?

பதில்: ஆமா, நம்ம நாட்டுல செஞ்ச ஹெலிகாப்டர், 2022 அக்டோபர்ல ஜோத்பூர்ல ஏர்ஃபோர்ஸ்ல சேத்தாங்களே அதுலயும் கன் ஹெல்மெட் பேச்ச கேக்கும். கன் பிரெஞ்சு, 20 மில்லிமீட்டர். குண்டு வேகம் அப்பாச்சிய விட ஜாஸ்தி, செகண்டுக்கு 1000 மீட்டர ஒட்டி, அதனால பாதை நேரா இருக்கும், ஆனா குண்டு எடை பாதிக்கும் கம்மி. ஹெல்மெட் தாலஸோட டாப்அவுல், ரெண்டு கண்ணுக்கும் படம் வரும், அந்த ஒத்தக்கண்ணு சண்டை இல்ல. அதுக்கு வேற வினை, ராத்திரி பாக்குற குழாய்ங்க ஹெல்மெட்டோட ரெண்டு ஓரத்துல இருக்கு, கண்ணுக்கு இருக்குற இடைவெளிய விட அகலம், அதனால ஆழம் மிகையா தெரியும், தரை கிண்ணம் மாதிரி குழிஞ்சு கிட்ட வர்ற மாதிரி இருக்கும். பழகினா சரியாயிடும்னு சொல்றாங்க. எது பெட்டர்ங்கற சண்டைக்கு நான் வரல, பிரசண்ட் மலைக்குன்னு செஞ்சது, அப்பாச்சி நம்ம ஏர்ஃபோர்ஸ் 22 வாங்குச்சு, ஆர்மிக்கு தனியா 6 ஆர்டர் போட்டு 2025 ஜூலைல முதல் 3 வந்துச்சு, ரெண்டுக்கும் வேலை இருக்கு.

கேள்வி: ரஷ்யா கா-50 ஹெலிகாப்டர்ல கன் ஒரு பக்கமா ஒட்டியிருக்கே, அது ஏன் அப்பாச்சி மாதிரி சுத்தல?

பதில்: வேணும்னே. அது 2ஏ42 கன், நம்ம ஆர்மியோட சரத் பிஎம்பி கவச வண்டில இருக்குற அதே கன், உதை பயங்கரமா இருக்கும். அத மூக்குல தொங்கவிட்டா ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஹெலிகாப்டர் தலையாட்டும். அதனால எடை மையத்துக்கு பக்கத்துல உடம்போட ஒட்டி வெச்சு, கொஞ்சமா மட்டும் அசையவிட்டு, மீதிய ஹெலிகாப்டரே திரும்பட்டும்னு விட்டாங்க. குண்டு சிதறல் கம்மி. கன் ஆளா யோசிச்சா எனக்கு இந்த ஏற்பாடு தான் பிடிக்கும், ஆனா பக்கவாட்டுல திடீர்னு ஒருத்தன் சுட்டா அப்பாச்சில உக்காரத்தான் ஆசைப்படுவேன்.

கேள்வி: தலைக்கு பதிலா கண்ணு எங்க பாக்குதுன்னு ட்ராக் பண்ணா இன்னும் வேகமா இருக்குமே?

பதில்: கண்ணு ஒரு குரங்கு. செகண்டுக்கு மூணு தடவ எங்கயாவது தாவும், நமக்கே தெரியாது. கன்ன அதுகிட்ட குடுத்தா கதி என்ன? மெனு தேர்ந்தெடுக்க, ரேடார் காட்ட கண்ணு ஓகே. கன்னுக்கு தலை தான், தலை சோம்பேறி, அதனால நம்பலாம்.

கேள்வி: கழுத்து வலிக்காதா அங்கிள்? (எட்டாவது படிக்கிற என் பையன் கேக்குறான்)

பதில்: வலிக்கும் கண்ணா. ஹெல்மெட் ரெண்டு கிலோன்னா 9 ஜில அது பதினெட்டு கிலோ. தலையில ஒரு பெரிய தண்ணி கேன வெச்சுக்கிட்டு பின்னாடி திரும்பி பாரு, புரியும். வேணாம், பாக்காத, அம்மா திட்டுவாங்க. அதனால தான் பைலட்டுங்க கழுத்துக்குன்னே எக்ஸர்சைஸ் பண்றாங்க.

கேள்வி: சிமுலேட்டர் கேம்ல அப்பாச்சி ஸ்டார்ட் பண்றப்போ டேஷ்போர்டுல இருக்குற வட்டம் வட்டமான ஒரு லைட்ட உத்துப் பாக்க சொல்லுது. அத ஸ்கிப் பண்ணலாமா? கடுப்பா இருக்கு.

பதில்: பண்ணாதீங்க! அது தான் போர்சைட். ஹெல்மெட்ட தினமும் ஒரே மாதிரி மாட்ட முடியாது, இன்னிக்கு ரெண்டு மில்லிமீட்டர் ஏறி இருக்கும், நாளைக்கு சாஞ்சிருக்கும். அந்த வட்டம் இருக்குற திசை மெஷினுக்கு தெரியும், நீங்க குறிய அதுமேல வெச்சு பட்டன அமுக்கினா "ஓ, இவன் இன்னிக்கு நேரா பாக்குறதுன்னா இது தான்"னு கத்துக்கும். ஸ்கிப் பண்ணா மொத்த சண்டையும் அந்த தப்போட தான். நான் ஜாக்ல பட்ட பாடு தான், நீங்க தலைல பட வேண்டியது. நடுவுல ஹெல்மெட்ட கழட்டி மாட்டினாலும் திரும்பவும் பண்ணுங்க.

கேள்வி: கடைசியா ஒன்னு, பறந்துக்கிட்டு இருக்குறப்போ ஹெல்மெட் டிஸ்ப்ளே கெட்டுப் போனா?

பதில்: கேமராவ வெச்சு கன்னர் சுடலாம். இல்லன்னா கன்ன நேரா முன்னாடி பாத்து பூட்டிடற மோட் ஒன்னு இருக்கு. அப்போ அப்பாச்சியும் எங்க ஃபைட்டர் மாதிரி ஆயிடும், மூக்க கொண்டு போய் எதிர்ல நிறுத்தித் தான் சுடணும்.